கஞ்சாவின் மணச்சேர்மங்களும் பசியும்: தாம்பரம் மருத்துவச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கஞ்சாச் செடியின் மணத்திற்குக் காரணமான டெர்பீன் வகைச் சேர்மங்கள் பசியைத் தூண்டும் என்றும், அவற்றுள் சில பசியைக் குறைத்து உடல் எடையைக் கட்டுப்படுத்தும் என்றும் ஒன்றுக்கொன்று முரணான இரு கருத்துகள் வழங்கிவருகின்றன. இக்கட்டுரை அக்கருத்துகளுக்கு உள்ள சான்றுகளை மூன்றாகப் பிரித்து நோக்குகிறது. முதலாவது, மணமே இல்லாத டெட்ராஹைட்ரோகன்னபினாலின் செயல். இரண்டாவது, மூக்கின் வழி உணரப்படும் மணத்தின் செயல். மூன்றாவது, உண்ணப்பட்டோ புகைக்கப்பட்டோ குருதியில் கலக்கும் மணச்சேர்மத்தின் செயல். இம்மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுவதால் எழும் பிழைகள், காசநோயும் எச்.ஐ.வி.யும் நெடுங்காலமாகச் சிகிச்சை பெற்றுவரும் தாம்பரம் சானடோரியம் பகுதியின் மருத்துவ வரலாற்றோடு இணைத்து விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கஞ்சா, டெர்பீன், பீட்டா-காரியோஃபிலீன், பசித்தீத்தூண்டி, அமுக்கராச் சூரணம், தாம்பரம் சானடோரியம், வளர்சிதை மாற்றம்.

முன்னுரை

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் புறநகர் இரயில் பாதையில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையில் உள்ள நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு நோயின் சிகிச்சையிடமே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. மருத்துவர் சௌரி முத்து 1928-இல் இங்கு நிறுவிய காசநோய் இல்லம் பின்னர் அரசு நெஞ்சக மருத்துவமனையாக வளர்ந்தது. அதனருகிலேயே 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்துவைக்கப்பட்டது. மேற்கத்திய நெஞ்சக மருத்துவமும் சித்த மருத்துவமும் ஒரே சாலையில் அருகருகே இயங்கும் இப்பகுதியில், பசி என்பது ஏட்டளவிலான ஆய்வுப்பொருள் அன்று.

காசநோய்க்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று எலும்புருக்கி. சயம் என்னும் சொல்லும் தேய்வையே குறிக்கும். உடல் தேய்வதையே நோயின் முதல் அடையாளமாகக் கண்ட பெயரீடுகள் இவை. இக்காட்சியை அண்மைக்கால ஆய்வுகள் எண்களால் உறுதிசெய்துள்ளன. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கி நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அவ்வாய்வில் பங்குபெற்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் கடும் ஊட்டக்குறைவுள்ளோரைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதை மையமாகக் கொண்டது.

உணவு கிடைத்தாலும் உண்ணும் விருப்பம் இல்லையெனில் எடை கூடாது. ஆகவே பசியைத் தூண்டும் பொருள் எதுவாயினும் அதற்கு இங்கே மருத்துவ மதிப்பு உண்டு. கஞ்சா பசியைத் தூண்டும் என்பது நெடுங்கால அனுபவ அறிவு. 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி கஞ்சாச் சாரங்களை விலங்குகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துச் செய்த சோதனைகளிலேயே உணவு வேட்கை மிகுவது குறிக்கப்பட்டுள்ளது. அந்த வேட்கை செடியின் எந்தப் பகுதிப்பொருளால் எழுகிறது என்பதே விடை காணவேண்டிய வினா.

மணம் என்னும் சொல்லும் அரோமேட்டிக் என்னும் சொல்லும்

பொருளுக்குள் செல்லுமுன் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நலம். வேதியியலில் அரோமேட்டிக் என்பது பென்சீன் வளையத்தை ஒத்த மின்னணு அமைப்பைக் கொண்ட சேர்மங்களைக் குறிக்கும் கலைச்சொல். முதலில் அறியப்பட்ட சில சேர்மங்கள் மணமுடையனவாக இருந்தமையால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயர் ஏற்பட்டது. பின்னர் மணத்திற்கும் அப்பெயருக்குமான தொடர்பு அறுந்துபோயிற்று. தமிழில் இச்சொல்லை ஒலிபெயர்த்து வழங்குவோரும் உளர். நறுமணச் சேர்மம் என மொழிபெயர்த்து வழங்குவோரும் உளர். கஞ்சாவைப் பொறுத்தவரை பின்னைய வழக்கு வாசகரை நேர் எதிரான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

கஞ்சாவின் மயக்கத்திற்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னபினால், சுருக்கமாக டி.எச்.சி., தன் அமைப்பில் பென்சீன் வளையம் கொண்டது. வேதியியல் பொருளில் அரோமேட்டிக். எனினும் அதற்கு மணம் இல்லை. மாறாக, செடியின் மணத்தை உண்டாக்கும் மிர்சீன், லிமோனீன், லினலூல், பைனீன், பீட்டா-காரியோஃபிலீன், ஹியுமுலீன் ஆகிய டெர்பீன் வகைச் சேர்மங்களில் பென்சீன் வளையமே இல்லை. மணமுள்ளவை அரோமேட்டிக் அல்ல; அரோமேட்டிக்காக இருப்பது மணப்பதில்லை. இக்கட்டுரையில் மணச்சேர்மம் என்பது மூக்கால் உணரத்தக்க, எளிதில் ஆவியாகும் சேர்மத்தை மட்டுமே சுட்டும்.

இச்சேர்மங்கள் எவையும் கஞ்சாவிற்கே உரியவை அல்ல. மிர்சீன் மாங்காயிலும் எலுமிச்சம்புல்லிலும் உண்டு. லிமோனீன் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் மிகுதி. கொத்தமல்லி விதையின் ஆவியாகும் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். பீட்டா-காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உள்ளது. காவல்துறையின் மோப்ப நாய்கள் கஞ்சாவை அடையாளம் காண உதவுவது காரியோஃபிலீன் ஆக்சைடு என 1970-களிலேயே காட்டப்பட்டது. டி.எச்.சி.யை நாயாலும் மோப்பம் பிடிக்க இயலாது. கஞ்சாவிற்குரிய அந்தக் கடும் நெடிக்கு டெர்பீன்கள் மட்டும் காரணமல்ல, மிக நுண்ணிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களே முதன்மைக் காரணம் என்பது 2021-இல் வெளியான பகுப்பாய்வின் முடிவு.

பசியைத் தூண்டும் மணமற்ற பொருள்

டி.எச்.சி. 1964-இல் இசுரேலில் காவோனி, மெக்குலம் ஆகியோரால் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. அது பற்றிக்கொள்ளும் சி.பி.1 ஏற்பி 1990-இலும், பெரும்பாலும் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் உள்ள சி.பி.2 ஏற்பி 1993-இலும் மரபணு நிலையில் இனங்காணப்பட்டன. இடையில் 1992-இல் உடலே சுரக்கும் கன்னபினாய்டு ஒன்று கண்டறியப்பட்டு, ஆனந்தம் என்னும் சொல்லின் அடியாக அனந்தமைடு எனப் பெயர் பெற்றது. பசித்த உடலில் இவ்வகைப் பொருள்கள் மிகுவதும், நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் இயக்குநீர் அவற்றைக் குறைப்பதும் 2001-இல் எலிகளில் காட்டப்பட்டன. எனவே டி.எச்.சி. புதிதாக ஒரு பசியைப் படைப்பதில்லை. உடலில் ஏற்கெனவே உள்ள பசி அமைப்பின் கைப்பிடியைத் திருகுகிறது.

அத்திருகல் எவ்வாறு நிகழ்கிறது என்பதில் வியப்பூட்டும் செய்திகள் உண்டு. ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் வழக்கமாக நிறைவுணர்வைத் தருபவை. கன்னபினாய்டு செலுத்தப்பட்ட எலிகளில் அதே நரம்பணுக்கள் உண்ணலைத் தூண்டும் செய்தியை அனுப்புவதாக 2015-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நிறைந்த வயிறும் மீண்டும் உண்ண விழைவது இதனால் ஓரளவு விளங்கும்.

மருத்துவ நிலையில் டி.எச்.சி.யின் செயலுக்குத் தெளிவான சான்று எச்.ஐ.வி. நோயாளிகளிடமிருந்து வந்தது. டிரோனபினால் என்னும் செயற்கை டி.எச்.சி. மாத்திரை, அமெரிக்காவில் 1985-இல் புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்கும், 1992-இல் எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் ஒப்புதல் பெற்றது. 1995-இல் வெளியான 139 பேர் கொண்ட ஆய்வில், ஆறு வார முடிவில் பசியளவு மருந்து பெற்றோரிடம் சராசரியாக 38 விழுக்காடும், போலி மருந்து பெற்றோரிடம் 8 விழுக்காடும் உயர்ந்திருந்தது. எடையில் தோன்றிய மாற்றமோ சிறிதே. பசி கூடுவதும் எடை கூடுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வாய்வு உடன் உணர்த்துகிறது. இம்மாத்திரையினுள் மருந்தைத் தாங்கியிருப்பது நல்லெண்ணெய். கஞ்சாவின் மணத்தைத் தரும் டெர்பீன் எதுவும் அதில் இல்லை.

மணச்சேர்மங்கள் பசிக்கு இன்றியமையாதவை எனின், முழுச்செடி தூய டி.எச்.சி.யை விஞ்சவேண்டும். இக்கேள்விக்கு நேரடி விடை தரும் ஆய்வுகள் இரண்டு. 2006-இல் ஐரோப்பியக் குழுவொன்று உடல்மெலிவுற்ற 243 புற்றுநோயாளிகளுக்கு முழுச்செடிச் சாரம், தூய டி.எச்.சி., போலி மருந்து ஆகியவற்றை ஒப்பிட்டுக் கொடுத்தது. பசியில் மூன்று குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2007-இல் நியூயார்க்கில் எச்.ஐ.வி. உள்ள பத்துப் பேரிடம் புகைக்கப்பட்ட கஞ்சாவும் டிரோனபினாலும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் உணவு உட்கொள்ளலை ஏறத்தாழ ஒரே அளவில் உயர்த்தின. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் முன்பே கஞ்சா பழகியவர்கள். ஆயினும் மணத்தின் பங்கு பெரிது எனக் கூறுவோர்க்கு இவ்விரு முடிவுகளும் துணைநிற்கவில்லை.

மூக்கின் வழி

மணச்சேர்மம் உடலில் செயல்படக்கூடிய முதல் வழி மூக்கு. இங்கே குருதியில் கலக்கும் அளவு தேவையில்லை. சில மூலக்கூறுகள் நுகர்நரம்பைத் தொட்டால் போதும்.

ஜப்பானில் நாகாய் முதலியோர் 2005-இல் வெளியிட்ட எலி ஆய்வுகள் இவ்வழியை நன்கு விளக்குகின்றன. பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் எண்ணெயின் மணத்தை நுகர்ந்த எலிகளில் பரிவு நரம்புகளின் செயல் மிகுந்து, கொழுப்புச் சிதைவு கூடி, உணவு உட்கொள்ளல் குறைந்தது. லாவெண்டர் எண்ணெயின் மணம் இதற்கு நேர்மாறான விளைவைத் தந்தது. முன்னதற்கு லிமோனீனும் பின்னதற்கு லினலூலும் காரணமாகச் சுட்டப்பட்டன. இவ்விரண்டும் கஞ்சாவில் உள்ளவையே. ஒரே செடியின் மணத்தில் பசியைக் குறைக்கும் பொருளும் கூட்டும் பொருளும் அடுத்தடுத்து இருக்க, இன்ன மணம் இன்ன விளைவைத் தரும் என ஒற்றை வரியில் கூறுவது எவ்வாறு பொருந்தும்? வணிக விளம்பரங்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

மூக்கிற்கும் பசிக்குமான தொடர்பில் இதனினும் முதன்மையான செய்தி 2014-இல் பிரான்சின் போர்தோ நகரில் மர்சிக்கானோ குழுவினரால் வெளியிடப்பட்டது. பட்டினியிருந்த எலிகளின் நுகர்குமிழில் உள்ள சி.பி.1 ஏற்பிகள் தூண்டப்படும்போது அவற்றின் மோப்பத்திறன் கூர்மையடைந்தது; மோப்பம் கூர்மையடைந்த அளவுக்கு அவை மிகுதியாக உண்டன. டி.எச்.சி.யும் இதே விளைவைத் தந்தது. இங்கே மணம் வருவது கஞ்சாவிலிருந்து அன்று, உணவிலிருந்து. கஞ்சாவின் மணமற்ற பொருளொன்று, உணவின் மணத்தை உரக்கக் கேட்கச் செய்கிறது. கஞ்சாவின் மணமும் பசியும் என்னும் தலைப்பில் பேசப்படுவனவற்றுள் சான்று வலிமை மிக்க பகுதி இதுவே. ஆனால் பொதுப்பேச்சில் இது முற்றிலும் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

குருதியின் வழி: அளவுக் கணக்கு

இரண்டாம் வழி உண்டும் புகைத்தும் குருதியில் சேர்வது. இவ்வழியில் மிகுதியாக ஆராயப்பட்டது பீட்டா-காரியோஃபிலீன். அது சி.பி.2 ஏற்பியைத் தெரிந்தெடுத்துப் பற்றுகிறது என 2008-இல் கெர்ட்ஷ் குழுவினர் காட்டினர். நாள்தோறும் உண்ணும் மிளகிலுள்ள ஒரு பொருள் கஞ்சாவின் ஏற்பிகளுள் ஒன்றைத் தொடுகிறது என்னும் முடிவு பெருங்கவனம் பெற்றது. எனினும் பசியை நேரடியாகத் தூண்டும் சி.பி.1 ஏற்பியை அது குறிப்பிடத்தக்க வகையில் தொடுவதில்லை. 2019-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் காரியோஃபிலீன் உட்பட ஆறு டெர்பீன்களை உயிரணுக்களில் சோதித்து, அவை இவ்விரு ஏற்பிகளின்வழி டி.எச்.சி. செயற்படும் முறையை மாற்றவில்லை என அறிவித்தனர்.

வளர்சிதை மாற்றத்தில் காரியோஃபிலீனின் பங்கு குறித்துத் தமிழ்நாட்டிலேயே ஆய்வு நடந்துள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாஷா, சங்கரநாராயணன் இருவரும் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு 45 நாள்கள் காரியோஃபிலீன் கொடுத்தனர். குருதிச் சர்க்கரை குறைந்தது, இன்சுலின் உயர்ந்தது, கல்லீரலில் சர்க்கரை வளர்சிதை மாற்ற நொதிகள் இயல்பை நோக்கித் திரும்பின. 2014-இல் வெளியான இம்முடிவு கஞ்சாவின் மணச்சேர்மம் நீரிழிவைத் தீர்க்கும் என்னும் கூற்றுக்கு அடிப்படையாக இன்று எடுத்தாளப்படுவதுண்டு. ஆய்வாளர்கள் அவ்வாறு கூறவில்லை என்பது ஒருபுறமிருக்க, இங்கே கவனிக்கவேண்டியது அளவு.

எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மி.கி. உடற்பரப்பு அடிப்படையிலான வழக்கமான மாற்றுக் கணக்கின்படி எலியின் அளவை 6.2-ஆல் வகுத்தால் மனிதருக்குரிய அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 32 மி.கி. ஆகும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் தூய காரியோஃபிலீன் வேண்டும். மிளகில் ஆவியாகும் எண்ணெய் 3 விழுக்காடு, அதில் காரியோஃபிலீன் கால் பங்கு எனக் கொண்டால் ஒரு கிராம் மிளகில் 7.5 மி.கி. கிடைக்கும். 1.6 கிராம் பெற நாளும் 200 கிராமுக்கு மேல் மிளகு உண்ணவேண்டும். எந்த இரசமும் அத்துணை மிளகைத் தாங்காது. கஞ்சாவிலும் நிலை இதுவே. அரைக் கிராம் உலர்ந்த பூவில் காரியோஃபிலீன் 0.3 விழுக்காடு எனக் கொண்டால் கிடைப்பது 1.5 மி.கி. தேவைப்படும் அளவில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. புகையும்போது எரிந்தழிவதைக் கணக்கில் கொண்டால் இன்னும் குறையும்.

ஹியுமுலீன் பசியைக் குறைக்கும் என்னும் கூற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவன பெரும்பாலும் அழற்சியைக் குறித்த விலங்காய்வுகள். அழற்சி குறைவது வேறு. பசி குறைவது வேறு.

கஞ்சா பயன்படுத்துவோர் மெலிந்திருக்கின்றனர் என்னும் மக்கள்தொகை ஆய்வுகளும் இங்குக் குறிக்கத்தக்கன. அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஆய்வில் இரு தேசியக் கணக்கெடுப்புகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றில் கஞ்சா பயன்படுத்தாதோரிடையே உடற்பருமன் 22.0, 25.3 விழுக்காடு, வாரம் மூன்று நாள்களேனும் பயன்படுத்துவோரிடையே 14.3, 17.2 விழுக்காடு. 2013-இல் 4,657 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு, கஞ்சா பயன்படுத்துவோரிடம் வெறும்வயிற்று இன்சுலின் அளவு 16 விழுக்காடு குறைவு என்றது. பசியைத் தூண்டும் பொருளைப் பயன்படுத்துவோர் மெலிவாக இருப்பது முரண்தான். தொடர் பயன்பாட்டில் சி.பி.1 ஏற்பிகள் மந்தமடைவது ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது. வயது, புகையிலை, வருமானம் முதலியன முற்றிலும் களையப்படாத இவ்வகைத் தரவுகளிலிருந்து மணச்சேர்மங்களைப் பற்றி எம்முடிவுக்கும் வர இயலாது. அவை அளவிடப்படவே இல்லை. சி.பி.1 ஏற்பியை மருந்தால் அடைத்து எடையைக் குறைக்க முயன்ற வரலாறும் எச்சரிக்கையாகவே முடிந்தது. 2006-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற ரிமோனபன்ட், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் ஏற்படுத்தியமையால் 2008-இல் நிறுத்தப்பட்டது. இந்தியா 2009-இல் அதனைத் தடைசெய்தது.

தாம்பரத்துச் சூரணம்

அமெரிக்காவில் டிரோனபினால் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஒப்புதல் பெற்ற காலத்தில், தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளைப் பெருமளவில் ஏற்கத் தொடங்கியிருந்தது. இந்திய அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் முன்னின்று இம்மருத்துவமனையில் சித்த மருந்துகள் மூன்றைச் சேர்த்து வழங்கினார். இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் என்னும் அம்மூன்றின் கூட்டு ஆங்கில முதலெழுத்துகளால் ரான் எனப்பட்டது. தேயும் உடலுக்கு என்ன தருவது என்ற ஒரே வினாவிற்கு ஓரிடத்தில் கஞ்சாவின் மணமற்ற பொருளும், மற்றோரிடத்தில் மணமிக்க கடைச்சரக்குகளும் விடையாக வந்தன.

அமுக்கராச் சூரணத்தின் வாய்பாடு எண்ணுவதற்கு இனியது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு; மொத்தம் 255 பங்கு. மணம் மிக்க சரக்குகள் தொடக்கத்தில் சிறு அளவினவாகவும், மணம் குறைந்தவை இறுதியில் பேரளவினவாகவும் அமைந்துள்ளன. இரண்டு கிராம் சூரணத்தில் மிளகு 63 மி.கி.; கிராம்பு 8 மி.கி. மட்டுமே. மேற்கண்ட கணக்கின்படி மிளகு, கிராம்பு, திப்பிலி மூன்றிலிருந்தும் கிடைக்கும் காரியோஃபிலீன் ஒரு மி.கி. அளவைத் தாண்டாது. அரைக் கிராம் கஞ்சாவில் இருப்பதும் ஏறத்தாழ அதே அளவு. சட்டச்சிக்கலோ மயக்கமோ இல்லாத ஒரு பொருளில் அதே மணச்சேர்மம் ஏறக்குறைய அதே அளவில் கிடைக்கையில், அச்சேர்மத்தின் பொருட்டுக் கஞ்சாவை நாடவேண்டிய தேவை இல்லை.

ரான் கூட்டில் பசியைத் தூண்டியது எது என்பதை அறிய வழியில்லை. மூன்று மருந்துகளும் ஒருசேர வழங்கப்பட்டன. சித்த மருத்துவக் கோட்பாட்டின்படியும் விடை மணத்தில் இல்லை. மருந்துப் பொருளின் இயல்பைச் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என்னும் ஐந்தால் அறிவது குணபாட மரபு. மணம் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. மிளகும் சுக்கும் பசித்தீத்தூண்டி எனப்படுவது அவற்றின் கார்ப்புச் சுவையையும் வெப்ப வீரியத்தையும் கருதியே. மிளகின் கார்ப்புக்குக் காரணமான பைப்பரின் ஆவியாகாத, மணமற்ற சேர்மம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் குருதியில் சேர்வதைப் பைப்பரின் மிகுவிக்கும் என ஜம்முவில் நடந்த ஆய்வுகளின் பயனாக, இவ்விரண்டும் ஐசோனியசிடும் சேர்ந்த கூட்டு மாத்திரை 2009-இல் இந்தியாவில் வெளிவந்தது. மிளகு காசநோய்ச் சிகிச்சைக்குள் நுழைந்தது மணத்தால் அன்று, கார்ப்பால்.

சுத்திமுறையில் மணம்

சித்த நூல்கள் கஞ்சாவை அறியாதவை அல்ல. கோரக்கர் மூலி, சிவமூலி என்னும் பெயர்கள் அதற்குண்டு. மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் விதிகளின் இ-1 பட்டியலில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டிய சித்த நச்சுச்சரக்குகளுள் கஞ்சாவும் இடம்பெறுகிறது. நச்சுச்சரக்கு ஆதலின் சுத்தி செய்யாமல் அதனைச் சேர்ப்பதில்லை. சித்த, ஆயுர்வேத மரபுகளில் காணப்படும் முறைகளுள் ஒன்று, இலையைப் பச்சைச் சாறு நீங்கும்வரை நீரில் பலமுறை கழுவி, உலர்த்தி, பசுநெய்யில் வறுத்தெடுப்பது.

இம்முறையை வேதியியல் நோக்கில் காணும்போது ஒரு செய்தி புலப்படும். அறுவடையான பூவை வெறுமனே உலரவைத்தாலே மணம் குன்றும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி இருவரும் 1996-இல் அளந்தபோது, ஆவியாகும் எண்ணெய் ஒரு வாரத்தில் 31 விழுக்காடும், ஒரு மாதத்தில் 45 விழுக்காடும், மூன்று மாதத்தில் 55 விழுக்காடும் குறைந்திருந்தது. மிர்சீன் 167 டிகிரி செல்சியசிலும் லிமோனீன் 176 டிகிரியிலும் கொதிப்பவை. கொதிநிலைக்குக் கீழேயே வேகமாக ஆவியாகக்கூடியவை. சூடான நெய்யில் வறுபடும்போது இவை பெரும்பாலும் நீங்கிவிடும் எனக் கொள்ளலாம். அதே சூட்டில், பச்சிலையில் அமில வடிவில் செயலற்றிருக்கும் டி.எச்.சி. கார்பன் டைஆக்சைடை இழந்து செயல்வடிவம் பெறுகிறது. நெய்யில் நன்கு கரைகிறது. ஆக, வறுத்தல் என்னும் செயல் மணத்தைப் போக்கி, பசியைத் தூண்டும் மணமற்ற பொருளைத் தக்கவைக்கிறது. பின்னர் இலேகியத்தில் சேரும் கிராம்பும் ஏலமும் சாதிக்காயும் தரும் மணம் வேறு செடிகளின் மணம். கஞ்சா சேர்ந்த இலேகியம் பசியைத் தூண்டியது என்னும் பழைய அனுபவத்தைக் கஞ்சாவின் மணத்திற்குச் சான்றாகக் காட்டுவது, இதனால், பொருந்தாது.

சட்டமும் ஆய்வும்

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் வரையறையில் கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் அவ்வரையறைக்குள் வாரா. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சணல்வகைக் கஞ்சா விதையையும் அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றையும் உணவாக ஏற்றது. மணச்சேர்மங்கள் சுரப்பது பெண்பூவைச் சூழ்ந்த நுண்மயிர்ச் சுரப்பிகளில்; விதையினுள் அன்று. சட்டம் அனுமதிக்கும் பகுதியில் மணம் ஏறத்தாழ இல்லை. மணமுள்ள பகுதிக்குச் சட்ட அனுமதி இல்லை. விதைப்பொருள்களுக்கு டெர்பீன் பண்புகளை ஏற்றிக் கூறும் விளம்பரங்களை இவ்வொரு செய்தியே மறுத்துவிடும்.

தாம்பரத்து நோயாளியைப் பொறுத்தவரை வேறிரு தடைகளும் உண்டு. நோயுற்ற நுரையீரலுக்குப் புகை தீங்கு. உட்கொள்ளும் டி.எச்.சி.யையோ, காசநோய்ச் சிகிச்சையின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி விரைவில் சிதைத்துவிடும்; குருதியில் அதன் உச்ச அளவு குறைவது 2013-இல் நலமுள்ளோரிடம் அளந்து காட்டப்பட்டது. எனவே டிரோனபினாலைக் கொண்டு எச்.ஐ.வி. நோயாளிகளிடம் பெற்ற முடிவுகளைக் காசநோயாளிகளுக்கு அப்படியே பொருத்த இயலாது.

ஆய்வுக்கு உரியவையாக எஞ்சி நிற்பவை கடைச்சரக்குகளே. நெஞ்சக மருத்துவமனையும் சித்த மருத்துவ நிறுவனமும் அருகருகே உள்ள இப்பகுதியில் அத்தகைய ஆய்வை வடிவமைப்பது இயலாததன்று. அதில் மூக்கின் வழியையும் வயிற்றின் வழியையும் பிரித்தறியவேண்டும். ஒரு குழு சூரணத்தை மணமும் சுவையும் உணர உண்ணவேண்டும். மற்றொரு குழு அதே சூரணத்தை உறையிட்ட மாத்திரையாக விழுங்கவேண்டும். பசியைக் கேட்டறிவதோடு, உண்ட உணவை நிறுத்தளந்து, இரண்டாம் மாத எடையையும் பதிவு செய்யவேண்டும். எச்.ஐ.வி. உள்ளோரிடம் மணவுணர்வு குன்றியிருப்பதுண்டு என்பதால் தொடக்கத்திலேயே நுகர்திறனை அளப்பதும் தேவை. கடினமானது போலி மருந்தை உருவாக்குவது. மிளகும் கிராம்பும் சேர்ந்த சூரணத்தைப் பிறந்ததிலிருந்து அறிந்த நோயாளி, டப்பாவைத் திறந்த கணமே எது மருந்து, எது போலி என்று சொல்லிவிடுவார்.